தோல் ஷாப்பின் மேசை: நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் சில ரோமானியச் சிற்பங்களும் மொசைக்குகளும்

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த நினைவு மேடையில் பேசுவதற்குத் தலைப்பைச் சொன்னபோது அமைப்பாளர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். "ரோமானியச் சிற்பம் நமக்கு எதற்கு, கீழடியைப் பற்றிப் பேசலாமே" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். கீழடியைப் பற்றிப் பேச இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பேச வந்தது இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு சின்ன மொசைக் படத்தைப் பற்றி. அரை மீட்டர்கூட அகலம் இல்லாத படம். அது எந்த அரண்மனையிலிருந்தும் வரவில்லை. பொம்பெய் நகரத்தின் ஒரு தோல் ஷாப்பிலிருந்து வந்தது.

என் அப்பா ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்தவர். எனவே இது எனக்கு வெறும் கலை வரலாறாக இருக்க முடியாது. இங்கே உட்கார்ந்திருக்கும் பலருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் நமக்குக் கொடுத்துவிட்டுப் போனவற்றில் ஒன்று, வரலாற்றை எழுதியவர்கள் சொல்வதை அப்படியே ஏற்காமல் சொற்களையும் பண்டிகைகளையும் சாட்சிக்கு அழைக்கும் பழக்கம். அவர் வந்தடைந்த முடிவுகள் எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடு உண்டா என்பது வேறு விஷயம். அந்தப் பழக்கத்தோடுதான் நான் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்துக்குள் போனேன். ஒரு கருத்தரங்குக்காக இத்தாலி போயிருந்தேன். கிடைத்த ஒரு பகல் முழுவதையும் அங்கே செலவழித்தேன்.

முதலில் கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் குதிரைப் படைக்காகக் கட்டத் தொடங்கிய இடம் அது. பிறகு பல்கலைக்கழகமாக இருந்தது. 1816இல் பூர்போன் மன்னர்களின் அருங்காட்சியகம் ஆனது. 1860இல் இத்தாலி ஒன்றானபோது தேசத்தின் சொத்தாகியது. உள்ளே இருப்பவை இரண்டு பெரிய வழிகளில் வந்தவை. ஒன்று, ரோம் நகரில் போப் மூன்றாம் பவுலின் ஃபர்னேசே குடும்பம் சேர்த்த சிற்பங்கள். மற்றது, கிபி 79இல் வெசூவியஸ் எரிமலை புதைத்த ஹெர்குலேனியம், பொம்பெய் நகரங்களிலிருந்து தோண்டி எடுத்தவை. ஹெர்குலேனியத்தில் 1738இலும் பொம்பெயில் 1748இலும் அரசு அகழாய்வு தொடங்கியது. தோண்டியவர்களில் தண்டனைக் கைதிகளும் இருந்தார்கள். காற்று வராத சுரங்கங்களில், இறுகிப்போன எரிமலைச் சேற்றைக் குடைந்தார்கள். மன்னரின் பெயர் எல்லா வழிகாட்டி நூல்களிலும் இருக்கிறது.

தரைத்தளத்தில் ஃபர்னேசே சிற்பங்கள். எல்லாரும் முதலில் போய் நிற்பது 'ஃபர்னேசே காளை' முன்னால். ஏறக்குறைய 24 டன் பளிங்கு. 1540களில் ரோம் நகரின் கரகல்லா குளியல் மண்டப இடிபாடுகளில் கிடைத்தது. இரண்டு இளைஞர்கள் ஒரு பெண்ணைக் காளையின் கொம்பில் கட்டுகிறார்கள். இரட்டையர்களான சீதஸ், ஆம்ஃபியன், கட்டப்படுபவள் டிர்கே. அவர்களுடைய தாய் ஆன்டியோப்பேயை அடிமைபோல வைத்துப் பல வருடம் கொடுமை செய்தவள் இந்த டிர்கே. மகன்கள் பழிவாங்குகிறார்கள். கல்லில் காளையின் திமிறலும் கயிற்றின் இறுக்கமும் அப்படி வந்திருக்கின்றன. எனக்கு அங்கே வேறொன்று தோன்றியது. அடிமையாக வைக்கப்பட்ட தாய்க்காக மகன்கள் எழும் கதையை, அடிமைகளை வைத்திருந்த ஒரு சமூகம் தன் பொதுக் குளியல் மண்டபத்தில் அழகுக்காக நிறுத்தி வைத்திருந்தது. அந்தக் கதையில் அவர்களுக்குப் பயம் எதுவும் தெரியவில்லை. அது அரச குடும்பத்துப் புராணம், ஆன்டியோப்பே இளவரசி. எந்தச் சமையல்கட்டு அடிமைப் பெண்ணும் அதைத் தன் கதையாக எடுத்துக்கொள்ள மாட்டாள் என்ற நம்பிக்கை இருந்திருக்க வேண்டும். நம் ஊர்க் கூத்துகளில் சத்தியம் காப்பதற்காகச் சுடுகாட்டில் பிணம் எரிக்கும் அரிச்சந்திரனுக்காகக் கண்ணீர் விடுகிற ஊர், விடிந்ததும் அதே வேலையைச் செய்பவரை எப்படி நடத்துகிறது என்று நமக்குத் தெரியும்.

அதே குளியல் மண்டபத்திலிருந்து வந்ததுதான் ஃபர்னேசே ஹெர்குலிஸும். மூன்று மீட்டருக்கு மேல் உயரம். ஏதென்ஸைச் சேர்ந்த கிளைக்கோன் என்ற சிற்பி அடியில் தன் பெயரைப் பொறித்திருக்கிறார். இந்த வீரன் களைத்திருக்கிறான். தண்டாயுதத்தின் மேல் சாய்ந்து, தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறான். சுற்றிப் பின்னால் போய்ப் பார்த்தால்தான் வலது கையில் அவன் பாடுபட்டுக் கொண்டுவந்த ஆப்பிள்கள் தெரியும். உழைத்த உடம்பின் களைப்பை இவ்வளவு பரிவோடு செதுக்கிய இன்னொரு சிலையை நான் பார்த்ததில்லை. இந்தச் சிலை நின்ற மண்டபத்துக்குக் கீழே, நிலத்தடியில், வண்டி போகும் அளவுக்குச் சுரங்கப் பாதைகள் இருந்தன. குளிக்கும் வெந்நீருக்காக அங்கே விறகு போய்க்கொண்டே இருந்தது; உலைகள் எரிந்துகொண்டே இருந்தன. அந்தச் சுரங்கங்கள் ரோமில் இன்னும் இருக்கின்றன. அங்கே விறகு தள்ளியவரின் களைப்புக்குச் சிலை இல்லை.

இடைத்தளத்துக்கு ஏறினால் மொசைக்குகள். 'மொசைக்' என்றதும் நமக்கு 80களின் வீட்டுத் தரைதான் ஞாபகம் வரும். சிமெண்டில் சலவைக்கல் சில்லுகளைக் கலந்து கொட்டி, நாள்கணக்கில் மெஷின் வைத்துத் தேய்த்த தரை. இங்கே இருப்பது, ஒவ்வொரு சில்லையும் கையால் வெட்டி, நிறம் பார்த்து, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் பதித்தது. 1831இல் பொம்பெயின் 'ஃபான் வீட்டில்' கிடைத்த அலெக்சாந்தர் மொசைக் ஏறக்குறைய 5.8 மீட்டர் நீளம், 3.1 மீட்டர் உயரம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சில்லுகள். அலெக்சாந்தரும் பாரசீக மன்னன் தரியுவும் மோதும் போர்க்களம். ஓர் ஓரத்தில், கீழே விழுந்த ஒரு வீரன் தன் கேடயத்தின் பளபளப்பில் சாகப்போகும் தன் முகத்தையே பார்க்கிறான். அந்த முகத்துக்கு எத்தனை சில்லு ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க முயன்று விட்டுவிட்டேன். செய்தவரின் பெயர் அதில் இல்லை. அது ஒரு பணக்காரர் வீட்டின் தரை. அதன் மேல் நடந்தார்கள்.

கூலி பற்றி ஒரு சாட்சி இருக்கிறது, ஆனால் பின்னாளையது. கிபி 301இல் பேரரசர் டயோக்ளீஷியன் விலைகளுக்கும் கூலிகளுக்கும் உச்சவரம்பு வைத்து ஆணை போட்டார். கல்லில் வெட்டிப் பல நகரங்களில் வைத்தார்கள். உருவங்கள் வரையும் ஓவியருக்கு நாளுக்கு 150 தினாரி. மொசைக் தொழிலாளிக்கு 60. வயலில் கூலி வேலை செய்பவருக்குச் சாப்பாட்டோடு 25. சாக்கடை சுத்தம் செய்பவருக்கும் அதே 25. இந்தக் கடைசி எண்ணில் நான் நின்றுவிட்டேன். வயல்கூலியும் சாக்கடைக்கூலியும் ஒரே தட்டில் இருக்கின்றன. இரண்டும் அடிமட்டம்தான், சந்தேகமில்லை. சாக்கடையில் இறங்குவதற்கென்று ஒரு தனிப் பிறவி அந்தக் கல்வெட்டில் இல்லை. அது ஒரு வேலை, அதற்கு ஒரு விலை, அவ்வளவுதான் எழுதியிருக்கிறது.

மொசைக் செய்தவர்கள் எல்லாரும் பெயரில்லாதவர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. பொம்பெயின் 'சிசரோ மாளிகை' என்று அழைக்கப்படும் இடத்தில் கிடைத்த இரண்டு சின்னப் படங்களில் சாமோஸ் தீவைச் சேர்ந்த தியோஸ்குரிதேஸ் தன் கையெழுத்தைச் சில்லுகளாலேயே கிரேக்கத்தில் பதித்திருக்கிறார். அவற்றில் ஒன்றில் தெருவில் வாசித்துப் பிழைக்கும் கலைஞர்கள். நாடக முகமூடி போட்டிருக்கிறார்கள். ஒரு பெண் இரட்டைக் குழல் ஊதுகிறாள். ஒருவன் கைத்தாளம் போடுகிறான். இன்னொருவன் தோல் கட்டிய பெரிய வட்டச் சட்டத்தை உயர்த்திப் பிடித்து அடிக்கிறான். நம் பறையைத் தெரிந்த யாருக்கும் அந்தச் சட்டத்தையும் அதைப் பிடித்திருக்கும் மணிக்கட்டையும் பார்த்தால் கால் நிற்காது. நான் இங்கே 'ரோமிலும் பறை' என்று முழங்கப் போவதில்லை. வட்டச் சட்ட வாத்தியம் உலகின் பல ஊர்களில் உண்டு. கவனிக்க வேண்டியது, பிச்சைக்காரர்களாகக் கருதப்பட்ட வாத்தியக்காரர்களைப் பார்த்து வரைந்த ஒருவர், அதைத் தன் பெயர் போடத் தகுந்த வேலையாக நினைத்தார் என்பதைத்தான்.

இப்போது தோல் ஷாப்புக்கு வருகிறேன்.

படத்தைச் சொல்லிவிடுகிறேன். மேலே கொத்தனாரின் கருவி ஒன்று. முக்கோணச் சட்டம், அதன் உச்சியிலிருந்து தொங்கும் தூக்குக்குண்டு. நம் ரசமட்டம் வருவதற்கு முன்னால் தளம் சமமாக இருக்கிறதா என்று பார்க்க வைத்திருந்தது. தூக்குக்குண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மண்டையோடு. அதன் கீழே ஒரு பட்டாம்பூச்சி, அது உயிர். அதற்கும் கீழே ஒரு சக்கரம், அது மாறிக்கொண்டே இருக்கும் அதிர்ஷ்டம். சட்டத்தின் ஒரு முனையில் செங்கோலும் அரசரின் ஊதாத் துணியும் தொங்குகின்றன. மறுமுனையில் இரந்துண்பவனின் கழியும் பையும். தராசுபோல இரண்டு பக்கமும் சமம். அரசனும் ஆண்டியும் சாவின் முன்னால் ஒரே மட்டம். படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்.

காட்சிக்கூடத்தில் பார்த்தபோது வழக்கமான தத்துவப் படம் என்று நினைத்துக் கடந்துவிட்டேன். பிறகு படித்தபோதுதான் அது கிடைத்த இடம் தெரிந்தது. பொம்பெயின் தெற்கில், ஸ்டாபியா வாசலுக்கு அருகே, நகரச் சுவருக்கு உள்ளேயே ஒரு தோல் பதனிடும் கூடம் இருந்தது. தரையில் பெரிய வட்டத் தொட்டிகள் வரிசையாக இருக்கின்றன. ரோமானியர்கள் மரப்பட்டை, செடிகொடிகளின் துவர்ப்பைக் கொண்டுதான் தோலைப் பதனிட்டார்கள். நம் ஊரில் குரோம் வருவதற்கு முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் செய்த அதே வேலை. இந்தக் கூடத்தின் தோட்டத்தில், திறந்தவெளியில், சாய்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதற்கான கல் திண்ணைகள் மூன்று பக்கமும் கட்டியிருந்தன. நடுவில் மேசை. அந்த மேசையின் மேல்பரப்புத்தான் இந்தப் படம். அதாவது, தோல் ஷாப்பில் சாப்பிட உட்கார்ந்தவர்களின் தட்டுகளுக்கு அடியில் இருந்தது.

தோல் வேலையை ரோமானிய உலகம் எப்படிப் பார்த்தது? நமக்குப் பழக்கமான மாதிரிதான். ரோம் நகரில் தோல் கூடங்கள் டைபர் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தன. அக்கரைச் சரக்கின் நாற்றம் கவிஞர்களுக்குக் கேலிப் பொருள். ஜுவெனலும் மார்ஷியலும் அதை விட்டுவைக்கவில்லை. 2ஆம் நூற்றாண்டில் கனவுகளுக்குப் பலன் எழுதிய ஆர்ட்டமிடோரஸ், தோல் பதனிடுவதாகக் கனவு கண்டால் யாருக்கும் நல்லதில்லை என்கிறார். அவர் சொல்லும் காரணம், பதனிடுபவன் செத்த உடலைத் தொடுகிறான், ஊருக்கு வெளியே வாழ்கிறான் என்பது. யூதர்களின் மிஷ்னா, தோல் கூடத்தை ஊரிலிருந்து 50 முழம் தள்ளி வைக்கச் சொல்கிறது. பைபிள் வாசிக்கும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு, யோப்பா பட்டணத்தில் பேதுரு தங்கிய வீடு ஞாபகம் இருக்கும். தோல் பதனிடும் சீமோனின் வீடு அது. கடலோரத்தில் இருந்தது என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. ஏன் கடலோரம் என்று ஞாயிறு வகுப்பில் எனக்கு யாரும் சொல்லவில்லை. அப்பாதான் சொன்னார்: "தண்ணி வேணும், காத்தும் வேணுமில்ல."

நாற்றம், செத்த மிருகம், ஊருக்கு வெளியே. இந்த மூன்றும் அங்கேயும் இருந்தன என்றால், அவர்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? உலகம் முழுக்க இப்படித்தான் என்று சொல்லி நம் வாயை அடைக்க வருகிறவர்கள் உண்டு. முகநூலிலேயே நிறையப் பார்க்கலாம். அவர்களுக்கான பதில் இதே அருங்காட்சியகத்தில் வெண்கலத்தில் இருக்கிறது.

தென் இத்தாலியில் ஹெராக்ளியா என்ற பழைய நகரத்துக்கு அருகே 1732இல் கிடைத்த வெண்கலப் பலகை அது. கிமு 1ஆம் நூற்றாண்டின் சட்டம். ஊர் மன்றத்தில் யார் உட்காரலாம், யார் கூடாது என்று பட்டியல் போடுகிறது. கிளாடியேட்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தவன் கூடாது, மேடையில் நடித்தவன் கூடாது, விபச்சார விடுதி நடத்தியவன் கூடாது. இன்னொரு பிரிவில் மூன்று தொழில்கள் வருகின்றன. தெருவில் கூவி அறிவிப்பவன், சவ ஊர்வலத்தை நடத்துபவன், பிணத்தை எடுத்து அடக்கம் செய்பவன். தோழர்களே, இந்த மூன்றையும் நம் ஊர் வார்த்தைகளில் சொல்லிப் பாருங்கள். தண்டோரா போடுபவர், சாவு மேளத்தின் முன்னால் நடப்பவர், வெட்டியான். அந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்கு வேர்த்துவிட்டது. ஆனால் அந்த வரியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. இந்த வேலைகளில் ஏதாவது ஒன்றை அவன் செய்துகொண்டிருக்கும் வரை, என்கிறது சட்டம். வேலையை விட்டால் தடை போய்விடும். அவன் மகனைப் பற்றிச் சட்டம் வாயே திறக்கவில்லை.

அம்பேத்கர் இந்த இடத்துக்கு நமக்கு முன்பே வந்துவிட்டார். 'சாதியை அழித்தொழித்தல்' உரையிலேயே ரோமின் பிளீபியன்களைப் பற்றிப் பேசுகிறார். அடிமைமுறையையும் தீண்டாமையையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த அவருடைய எழுத்து, அவர் மறைந்த பிறகு தொகுப்பு நூல்களின் 5ஆம் தொகுதியில் அச்சானது. ரோமானிய அடிமைமுறை பற்றி 1928இல் பாரோ என்பவர் எழுதிய நூலை அதற்குப் பயன்படுத்துகிறார். ரோமில் அடிமை மருத்துவனாக, ஆசிரியனாக, கணக்கனாக இருக்க முடிந்தது. எஜமானன் வீட்டுக்குள்ளேயே வாழ்ந்தான். விடுதலை பெற வழி இருந்தது. தீண்டத்தகாதவனுக்கு இவற்றில் ஒன்றுமில்லை என்பது அவருடைய வாதத்தின் முதுகெலும்பு.

மேல்தளத்தில் அந்த வாதத்துக்கு உடலும் முகமும் இருக்கின்றன. பொம்பெயின் ஐசிஸ் கோயிலிலிருந்து கொண்டுவந்த பொருள்களுக்கு அங்கே தனிப் பகுதி உண்டு. 62இல் வந்த நிலநடுக்கத்தில் கோயில் இடிந்தது. அதை அஸ்திவாரத்திலிருந்து தன் செலவில் திருப்பிக் கட்டியவர் நுமேரியஸ் போப்பிடியஸ் செல்சினஸ் என்று கல்வெட்டு சொல்கிறது. அதற்கு நன்றியாக ஊர் மன்றம் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அவருக்கு வயது 6. ஆறு வயதுப் பையன் கோயில் கட்டுவானா? பணம் அப்பா ஆம்ப்ளியேட்டஸுடையது. அப்பா விடுதலையான அடிமை; அதனால் எவ்வளவு பணம் இருந்தாலும் மன்றத்தில் உட்கார முடியாது. மகன் சுதந்திரனாகப் பிறந்தவன், அவனால் முடியும். அதே கோயிலில் இருந்த பாக்கஸ் சிலை ஒன்றில் அப்பாவின் பெயர் இருக்கிறது, 'தந்தை' என்ற அடைமொழியோடு. எனக்கு அந்தச் சொல்லில் ஒரு பெருமூச்சு கேட்டது. ஒரே ஒரு தலைமுறை. அடிமையின் மகன் ஊர் மன்றத்தில்.

இதே கோயிலில் நோர்பானஸ் சோரெக்ஸ் என்ற நடிகரின் வெண்கலத் தலையும் வைக்கப்பட்டிருந்தது. நாயகனாக நடித்தவர்கூட இல்லை, இரண்டாம் வேடக்காரர்; கல்வெட்டே அப்படித்தான் சொல்கிறது. நடிகன் சட்டத்தின் பார்வையில் மதிப்பிழந்தவன். இருந்தும் கோயிலுக்குள் அவருக்கு முகம் கிடைத்தது. மெலிந்த, கொஞ்சம் களைத்த முகம்.

இதைச் சொல்லிவிட்டு ரோமுக்கு நற்சான்றிதழ் கொடுத்து நான் உட்கார்ந்துவிட முடியாது. அம்பேத்கர் பேசியது, இந்து சமூகம் தன்னைப் பற்றி வைத்திருந்த பெருமையை உடைப்பதற்கு. அந்த வேலைக்கு வீட்டு அடிமைகளின் கதை போதுமானதாக இருந்தது. நாம் வயலையும் சுரங்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அடிமையைப் 'பேசும் கருவி' என்று வகை பிரித்தவர் வார்ரோ. மாடு அரைகுறையாகச் சத்தம் போடும் கருவி, வண்டி ஊமைக் கருவி. கிழட்டு மாட்டோடு கிழட்டு அடிமையையும் விற்றுவிடச் சொன்னவர் கேட்டோ. விலங்கிட்ட அடிமைகளுக்கு நிலவறை எப்படி இருக்க வேண்டும் என்று எழுதியவர் கொலுமெல்லா. பொம்பெய்க்கு வெளியே சிவிட்டா ஜூலியானா என்ற இடத்தில் 2021இல் ஒரு சின்ன அறை வெளிப்பட்டது. 16 சதுர மீட்டர், மூன்று கட்டில், ஒன்று குழந்தைக்கானது. குதிரைக் கருவிகளும் ஜாடிகளும் அதே அறைக்குள். ஆம்ப்ளியேட்டஸ் கல்லில் பெயர் வெட்டிக்கொண்டார் என்றால் அவர் தப்பித்தவர்களில் ஒருவர். தப்பிக்காதவர்கள் பெயர் வெட்டவில்லை. அருங்காட்சியகத்தின் பளிங்கை மட்டும் வைத்து அடிமைமுறையை அளந்தால், ஐஏஎஸ் ஆனவர்களை மட்டும் வைத்துச் சேரியை அளப்பதுபோல ஆகிவிடும்.

பின்னாளில் ரோமே பிறப்பையும் தொழிலையும் முடிச்சுப் போடப் பார்த்தது என்பதையும் மாணவர்கள் மறக்க வேண்டாம். 4ஆம் நூற்றாண்டுச் சட்டங்கள் ரொட்டி சுடுபவரின் குடும்பத்தை அந்தத் தொழிலோடும், குத்தகை உழவரை அந்த நிலத்தோடும் கட்டின. வரியும் தானியமும் தடைபடக் கூடாது என்பது அரசின் கணக்கு. அது அரசு போட்ட கட்டு. அந்த அரசு விழுந்தபோது கட்டும் தளர்ந்தது. அரசு மாறினாலும் மதம் மாறினாலும் ஆளைத் துரத்திக்கொண்டு வரும் தீட்டு அதில் இல்லை. சர்ச்சுக்குள்ளும் கல்லறைத் தோட்டத்திலும் சுவர் பார்த்தவர்கள் நாம்; இதற்கு மேல் நான் விளக்க வேண்டாம்.

ஒரு இடைச்செருகல். அதே அருங்காட்சியகத்தில் 1938இல் பொம்பெயில் கிடைத்த ஒரு தந்தப் பாவை இருக்கிறது. இந்தியாவில் செய்தது. யவனர், மிளகு, அரிக்கமேடு என்று நம் மாநாட்டு மேடைகளில் மணிக்கணக்கில் பேசுகிறோம். பெருமைப்படுவதில் தவறில்லை. அந்த மிளகு மூட்டையை இந்தக் கரையில் யார் தூக்கினார், அந்தக் கரையில் யார் இறக்கினார் என்று ஒரு அமர்வு வைத்தால் நான் சொந்தச் செலவில் வருகிறேன்.

திரும்பவும் அந்த மேசைக்கு. அரசனும் ஆண்டியும் சமம் என்ற படத்தை எந்த மனநிலையில் அங்கே பதித்தார்கள்? ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்வது, விருந்தில் சாவை நினைவுபடுத்துவது அந்தக் காலத்து வழக்கம். நாளைக்கு இருப்போமோ இல்லையோ, இன்று குடி, சாப்பிடு. சரியாக இருக்கலாம். ஆனால் இடம் தோல் ஷாப். சாவைத் தினமும் கையால் உரிக்கிற, ஊற வைக்கிற, தேய்க்கிற இடம். அங்கே சாவை நினைவுபடுத்தப் படம் எதற்கு? நகரம் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்து போகும் ஒரு தொழிலின் முதலாளி, தன் மேசையில் அந்த நகரத்துக்குப் பதில் சொல்லியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது: நீங்களும் நாளைக்கு வெறும் தோலும் எலும்பும்தான். இது என் ஊகம். ஆனால் ஒன்று நிச்சயம். நகரச் சுவருக்கு உள்ளே, வீடுகளுக்குப் பக்கத்தில் அவர் கூடம் நடத்தினார். அங்கேயே விருந்தும் வைத்தார். கவிஞர்கள் ஆற்றுக்கு அப்பால் தள்ளியதை மண் ஊருக்குள்ளேயே வைத்திருக்கிறது.

சாவு எல்லாரையும் சமமாக்கும் என்ற வாக்கியமும் ஒரு சலுகைதான். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் ஒரு தலித்தின் உடலைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக வழி கிடைக்காமல், பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். அந்த வீடியோவை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். வாணியம்பாடி தோல் ஷாப்புகளின் ஊர். பொம்பெயின் அந்தத் தூக்குக்குண்டைக் கொண்டுவந்து அந்தப் பாலத்தில் தொங்கவிட்டால் அது எந்தப் பக்கம் சாயும் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். பொம்பெயில் செத்துப்போன அடிமைக்கும் எரியூட்ட ஓர் இடம் கிடைத்தது என்று சொல்ல வரவில்லை. பலருக்குக் குழிகூடக் கிடைத்திருக்காது. ஆனால் சுதந்திரம் வாங்கிய தோல்காரனின் பிணத்தைத் தெருவில் மறித்து நிறுத்த ரோமில் ஒரு சாத்திரம் இருக்கவில்லை.

ஊருக்கு வந்ததும் அப்பாவிடம் படங்களைக் காட்டினேன். போனில் பெரிதாக்கிக் கொடுத்தேன். மண்டையோட்டை அவர் ரொம்ப நேரம் பார்க்கவில்லை. தொட்டிகளின் படத்துக்குப் போய்விட்டார். அவருடைய கைகள் உங்களில் பலர் வீட்டிலும் இருக்கும் கைகள்தான். சுண்ணாம்பு தின்று ரேகை போன கைகள். ரேஷன் கடை மெஷினில் அவருடைய கட்டை விரல் பதிவதில்லை.

"தண்ணி எங்கேர்ந்து கொண்டாந்தாங்கோ?" என்று கேட்டார். நகரத்துக்குக் குழாய்த் தண்ணீர் இருந்தது என்றேன். தலையாட்டினார். பட்டை எது, எத்தனை நாள் ஊறும், ஆட்டுத்தோலா மாட்டுத்தோலா என்று கேட்டுக்கொண்டே போனார். தெரிந்ததைச் சொன்னேன். பிறகு மேசை இருந்த தோட்டத்தைக் காட்டி, இங்கேதான் சாப்பிட்டார்கள் என்றேன்.

"தொட்டிக்குப் பக்கத்துலயா? இன்னாம்மா சொல்ற, அந்த நாத்தத்துல குந்திகினு எப்டி சோறு துன்னாங்கோ?"

"நீங்க சாப்பிடலையாப்பா?"

"நாங்க துன்னோம். எங்களுக்கு வேற எடம் கெடையாது." கொஞ்சம் நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது மொதலாளி துன்ற எடமா, வேலைக்காரங்க துன்ற எடமா?"

முதலாளியுடையதாகத்தான் இருக்கும் என்றேன். கல் திண்ணை, படம் போட்ட மேசை எல்லாம் இருக்கிறதே.

"அப்ப வேலைக்காரங்க எங்க துன்னாங்கோ, அதைப் போட்டோ புடிச்சியா?"

இல்லை என்று சொன்னேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டீ போடச் சொன்னார்.